பெருங்குடல் புற்றுநோய் திரும்பி வருமா? மரபணு வெளிப்பாட்டை வைத்துக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2ஆம் ஸ்டேஜ் பெருங்குடல் புற்றுநோயில் அறுவை சிகிச்சை முடிந்த பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு அதற்குமேல் மருந்து எதுவும் தேவைப்படாது. மிச்சமுள்ளவர்களுக்கு நோய் திரும்பும். அவர்கள் யார் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்ற குழப்பம் வருகிறது. 2007இல் வெளியான குவாசர் ஆய்வில் இருந்த 3,239 பேரில் பெரும்பாலோர் 2ஆம் ஸ்டேஜ் நோயாளிகள். கீமோ இல்லாமல் 5 ஆண்டுக்குள் 100க்கு 20 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், கீமோ கொடுப்பதால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் 3.6 பேர் என்பது அதன் கணக்கு. அந்தச் சிலருக்காக மற்ற எல்லோரும் பக்கவிளைவைச் சுமக்கிறார்கள். கட்டியின் ஆர்என்ஏவை, அதாவது எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை, அளந்து ஆபத்து கூடியவர்களைப் பிரித்தெடுக்க முடியுமா என்று 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் முயல்வதற்கு இதுவே காரணம்.

பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டு ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் அப்படியொரு மாடலைக் கட்டி, சோதித்து, ஆய்வகம் வரை கொண்டுபோகும் வழி கீழே இருக்கிறது. மாடலைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. தரவைச் சரிபார்ப்பதும், அறிமுகமே இல்லாத தொகுப்பில் நேர்மையாகச் சோதிப்பதும்தான் மாதக்கணக்கில் இழுக்கும். பெரும்பாலான முயற்சிகள் சறுக்குவதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"புற்றுநோய் முன்கணிப்பு" என்பது கேள்வி ஆகாது. "2ஆம், 3ஆம் ஸ்டேஜ் பெருங்குடல் கட்டி முழுவதுமாக அகற்றப்பட்டவர்களுக்கு 3 ஆண்டுக்குள் நோய் திரும்புமா?" என்பது கேள்வி. திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் 3 ஆண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். அதனால் 36 மாதம் நல்ல எல்லை.

4ஆம் ஸ்டேஜைச் சேர்க்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவர்களில் பலர் உடலில் நோய் மிச்சம் இருக்கும். "திரும்பி வருதல்" என்பதே அங்கே பொருந்தாது. எல்லா ஸ்டேஜையும் கலந்தால் மாடல் ஸ்டேஜையே கற்றுக்கொள்ளும், வரைபடமும் அழகாக வரும். ஆனால் அந்தத் தகவலை நோயியல் மருத்துவர் தம் அறிக்கையில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மொத்த உயிர்வாழ்வு (எக்காரணத்தாலும் இறக்கும் வரை), நோயற்ற உயிர்வாழ்வு (நோய் திரும்பும் அல்லது இறக்கும் வரை), திரும்பும் காலம் (நோய் திரும்பும் வரை மட்டும்) இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த நோயாளிகளில் பலர் 70 வயதைக் கடந்தவர்கள். மாரடைப்பால் இறந்தவரின் மரணமும் மொத்த உயிர்வாழ்வில் ஒரு நிகழ்வாகவே பதிவாகும். கட்டியின் மரபணுக்களுக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை. தரவு இடம் கொடுத்தால் திரும்பும் காலத்தையே எடுங்கள்.

இன்னொன்று: ஆபத்து அதிகம் என்று சொல்லும் மாடல், கீமோ பலன் தரும் என்று சொல்வதாக ஆகாது. பின்னதைக் காட்ட, கீமோ பெற்றவர்களும் பெறாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட தரவு வேண்டும். கீழே சொல்லும் தொகுப்புகள் எதுவும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

படி 2: தரவைத் தேர்ந்தெடுங்கள்

மாடலைப் பயிற்றுவிக்க, ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள ஜிஎஸ்இ39582 தொகுப்பு பொருத்தமானது. பிரான்ஸில் 1987 முதல் 2007 வரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 566 பேரின் கட்டிகளும் 19 இயல்பான திசுக்களும் அதில் உள்ளன. அஃபிமெட்ரிக்ஸ் யூ133 பிளஸ் 2.0 சிப்பில், 54,675 புரோப் செட்டுகளில் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவைப் பிடிக்கும் அளவீட்டுப் புள்ளிகளின் தொகுதி) அளந்தது. ஸ்டேஜ், எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழை திருத்தும் அமைப்பு) நிலை, கேராஸ், பிராஃப் மரபணு மாற்றங்கள், நோய் திரும்பிய மாதம் எல்லாம் கூடவே கிடைக்கும்.

சோதனைக்கு, அமெரிக்காவின் மாஃபிட் மையத்திலிருந்து வந்த ஜிஎஸ்இ17536 (177 பேர், எல்லா ஸ்டேஜும் உண்டு, வடிகட்ட வேண்டும்), ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஜிஎஸ்இ33113 (2ஆம் ஸ்டேஜ் மட்டும், 90 பேர்), ஆர்என்ஏ-சீக் (ஆர்என்ஏவை வரிசைப்படுத்தி எண்ணும்) முறைக்கு டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் பெருங்குடல், மலக்குடல் தொகுப்புகள். டிசிஜிஏவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த காலம் குறைவு. அங்கே மொத்த உயிர்வாழ்வை வைத்து முடிவு சொல்வது பலவீனம். 2018இல் வெளியான டிசிஜிஏ மருத்துவத் தரவுத் தொகுப்பில் உள்ள 'பிஎஃப்ஐ' நெடுவரிசையை, அதாவது நோய் முன்னேறாத காலத்தை, எடுங்கள்.

ஜிஎஸ்இ14333 என்ற 290 மாதிரித் தொகுப்பும் கண்ணில் படும். அதில் ஒரு பகுதி அதே மாஃபிட் நோயாளிகள். அதையும் ஜிஎஸ்இ17536ஐயும் "இரண்டு தனித்தனிச் சோதனைத் தொகுப்புகள்" என்று காட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். ஒன்றில் பயிற்சி, மற்றொன்றில் சோதனை என்றால் இன்னும் மோசம். அது தேர்வுக்கு முன்பே கேள்வித்தாளைக் கொடுத்த கதை. இது பதிப்பிக்கப்பட்ட கட்டுரைகளிலும் நடந்திருக்கிறது. மாதிரிகளுக்கிடையே வெளிப்பாட்டு ஒற்றுமையைக் கணக்கிட்டு, 0.99ஐத் தாண்டும் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜிஎஸ்இ14333 ஸ்டேஜுக்குப் பதில் டியூக்ஸ் முறையில் ஏ, பி, சி, டி என்று எழுதியிருக்கும். பி என்றால் 2ஆம் ஸ்டேஜ், சி என்றால் 3ஆம் ஸ்டேஜ்.

படி 3: ஒவ்வொரு மாதிரியையும் சந்தேகப்படுங்கள்

முதலில் கால அலகு. சில தொகுப்புகளில் மாதம், சிலவற்றில் நாள். பார்க்காமல் ஒட்டிவிட்டால் மாடல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது, தவறான விடையை அமைதியாகத் தரும். காலம் பூஜ்யம் அல்லது விடுபட்டது என்று இருக்கும் வரிகளை நீக்குங்கள். நிகழ்வு நெடுவரிசையில் 1 என்பது திரும்பியதையா திரும்பாததையா குறிக்கிறது என்பதை, 3ஆம் ஸ்டேஜ் வளைவு 2ஆம் ஸ்டேஜுக்குக் கீழே விழுகிறதா என்று வரைந்து உறுதிசெய்யுங்கள்.

அடுத்து மாதிரி மாறாட்டம். எக்ஸ்ஐஎஸ்டி என்ற மரபணு பெண் திசுவில் உயர்ந்திருக்கும். ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண் திசுவில். ஆனால் ஆண்களின் குடல் கட்டிகள் ஒய் குரோமோசோமை இழப்பது சாதாரணம். ஆகவே ஆர்பிஎஸ்4ஒய்1 தாழ்ந்திருப்பதை மட்டும் வைத்து மாதிரியைத் தள்ளாதீர்கள். ஆண் என்று குறித்த மாதிரியில் எக்ஸ்ஐஎஸ்டி உச்சத்தில் இருந்தால் அதுதான் வலுவான எச்சரிக்கை.

மூன்றாவது, கட்டியோடு ஒட்டி வந்த இயல்பான சதை. சிஏ1, சிஎல்சிஏ4, ஜியூசிஏ2ஏ, ஏக்யூபி8 ஆகியவை இயல்பான குடல் சவ்வில் மிக அதிகமாகவும் கட்டியில் மிகக் குறைவாகவும் இருக்கும். "கட்டி" என்று பெயரிட்ட மாதிரியில் நான்கும் ஒருசேர உயர்ந்தால், வெட்டியெடுத்த துண்டில் நல்ல சவ்வு நிறைய இருக்கிறது. டிஇஎஸ், ஏசிடிஜி2 உயர்ந்தால் குடலின் தசைப் படலம் கலந்திருக்கிறது.

மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால்தான் பெயரிடும் குழு 2020இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்களே இருக்கும்.

படி 4: அளவீடுகளைச் சமன்படுத்துங்கள்

மைக்ரோஅரே (சிப்) என்றால், அதை ஸ்கேன் செய்யும் கருவி தரும் மூல 'செல்' கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஆர்எம்ஏ முறை எல்லா மாதிரிகளையும் சேர்த்துச் சமன்படுத்தும். நாளை ஒரே ஒரு நோயாளி வந்தால் அதனால் பயன் இல்லை. எஃப்ஆர்எம்ஏ முன்கூட்டியே உறையவைத்த மேற்கோள் மதிப்புகளை வைத்து ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே சமன்படுத்தும். இந்த வேலைக்கு அதையே எடுங்கள். ஒரு மரபணுவுக்குப் பல புரோப் செட்டுகள் இருந்தால், பயிற்சித் தரவில் சராசரி அதிகமுள்ள ஒன்றைத் தேர்ந்து, அதன் எண்ணைக் குறித்துவைத்து, சோதனையிலும் அதையே பயன்படுத்துங்கள். ஆர்என்ஏ-சீக் என்றால் மூல எண்ணிக்கையிலிருந்து எட்ஜ்ஆர் என்ற நிரல் தொகுப்பின் டிஎம்எம் சமன்படுத்தல், பிறகு லாக்2.

தொகுப்புக்குத் தொகுப்பு உள்ள வேறுபாட்டைப் போக்க காம்பாட் என்ற திருத்தும் நிரலைப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வழக்கம் உண்டு. பயிற்சியையும் சோதனையையும் சேர்த்து காம்பாட் ஓட்டினால் சோதனைத் தரவின் தன்மை பயிற்சிக்குள் கசிந்துவிடும். நோய் திரும்பிய தகவலையும் அதற்குள் கொடுத்தால், இல்லாத வேறுபாட்டையே அது உண்டாக்கிவிடும். தொகுப்புக்குள் சராசரி 0, விலகல் 1 என்று மாற்றுவதிலும் ஆபத்து உண்டு: 2ஆம் ஸ்டேஜ் மட்டுமுள்ள தொகுப்பின் "சராசரி நோயாளி" வேறு, 3ஆம் ஸ்டேஜ் நிறைந்த தொகுப்பின் சராசரி வேறு. மேற்கோள் மரபணுக்களின் (மாதிரிக்கு மாதிரி அதிகம் மாறாதவை) சராசரியைக் கழித்து ஸ்கோர் கணக்கிடுவது இதைவிடப் பாதுகாப்பு. நோய் திரும்பும் ஆபத்தைக் கணிக்கும் ஆன்கோடைப் கோலன் என்ற சோதனையில் பயன்படும் ஏடிபி5இ, ஜிபிஎக்ஸ்1, பிஜிகே1, யூபிபி, விடிஏசி2 ஆகிய ஐந்தும் நல்ல தொடக்கம்.

படி 5: மரபணுக்களைத் தேர்ந்தெடுங்கள்

கணக்கை முதலில் போடுங்கள். 250 பேரில் 20% பேருக்கு நோய் திரும்பினால் கையில் இருப்பது 50 நிகழ்வுகள். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 நிகழ்வு என்ற பழைய விதிப்படி 5 மாறிகளுக்குத்தான் இடம். எதிரே 20,000 மரபணுக்கள் நிற்கின்றன. எதையும் கண்டுபிடித்துவிடலாம், அதுதான் தொல்லை.

வழக்கமான பாதை இது. சராசரி மிகத் தாழ்ந்த, மாறுபாடு குறைந்த மரபணுக்களை நீக்குவது. ஜிஎல்எம்நெட் என்ற நிரலில் காக்ஸ் வகை (நிகழ்வு வரையான காலத்தைக் கையாளும்) லாஸோ, அதாவது தேவையற்ற மரபணுக்களின் எடையைப் பூஜ்யமாக்கும் முறை, ஓட்டுவது. 10 மடங்கு குறுக்குச் சோதனையில் (நோயாளிகளை 10 பகுதியாக்கி, ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்து, மற்றவற்றில் பயிற்றுவித்து) லாம்ப்டாவை, அதாவது அந்த நீக்கல் எவ்வளவு கண்டிப்பானது என்பதை, தேர்வது. மடங்குகளைப் பிரிக்கும் தற்செயல் எண் மாறினால் பட்டியல் மாறும். ஒரே கூட்டத்தில் 200 முறை பூட்ஸ்டிராப் (அதே நோயாளிகளிலிருந்து குலுக்கல் முறையில் மறுமாதிரி) எடுத்து, ஒவ்வொரு மரபணுவும் எத்தனை முறை தேர்வாகிறது என்று எண்ணிப் பாருங்கள்; பாதி முறைகூட வராதவையே பெரும்பான்மையாக இருக்கும். கண்டிப்பான லாம்ப்டாவை எடுத்தால் ஒரு மரபணுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு. அது மென்பொருளின் பிழையல்ல, தரவு தரும் பதில்.

மிக அதிகமாகக் காணப்படும் தவறு: எல்லா நோயாளிகளையும் வைத்து முதலில் "முக்கியமான 100 மரபணுக்களை" எடுத்துவிட்டு, பிறகு குறுக்குச் சோதனை செய்வது. தேர்வு நடந்தபோதே விடை தெரிந்துவிட்டது. வடிகட்டல், தேர்வு, லாம்ப்டா எல்லாமே ஒவ்வொரு மடங்கின் பயிற்சிப் பகுதிக்குள் மட்டும் நடக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க உறுதியான வழி ஒன்று உண்டு: நோயாளிகளின் காலத்தையும் நிகழ்வையும் சேர்த்துக் கண்டபடி கலைத்துப்போட்டு, முழு நிரலையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். பலமுறை செய்தால் சி-இண்டெக்ஸ் (யாருக்கு முந்தி நோய் திரும்பும் என்ற வரிசையை மாடல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற அளவு; 0.5 என்றால் வெறும் ஊகம்) சராசரியாக 0.5ஐ ஒட்டி நிற்க வேண்டும். 0.6க்கு மேல் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

எங்கள் பரிந்துரை, தனி மரபணுக்களைத் தேடுவதைவிட உயிரியல் தெரிந்த மரபணுக் குழுக்களை எடுப்பது. ஆன்கோடைப் கோலன் அப்படித்தான் அமைந்தது: செல் பெருக்கத்துக்கு கி-67, சி-மைக், எம்ஒய்பிஎல்2; ஸ்ட்ரோமாவுக்கு (புற்றுச் செல்களைச் சூழ்ந்த தாங்குதிசு) எஃப்ஏபி, பிஜிஎன், ஐஎன்ஹெச்பிஏ; தனியாக ஜிஏடிடி45பி. இதில் கவனிக்க வேண்டியது பெருக்கக் குழுவின் திசை. மார்பகப் புற்றுநோயில் பெருக்கம் கூடினால் ஆபத்து கூடும். இங்கே பெருக்க மரபணுக்கள் உயர்ந்திருப்பது குறைந்த ஆபத்தோடு சேர்ந்து வருகிறது. ஸ்ட்ரோமா உயர்ந்தால்தான் ஆபத்து. மார்பகத்திலிருந்து கற்ற பழக்கத்தில் குறியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். குழுக்களை எடுத்தால் மாறிகள் மூன்று நான்காகச் சுருங்கும், 50 நிகழ்வுகள் தாங்கும்.

பட்டியல் முடிவானதும் அதே எண்ணிக்கையில் கண்மூடித்தனமாக மரபணுக்களை எடுத்து 1,000 போலிப் பட்டியல்கள் உண்டாக்குங்கள். மார்பகப் புற்றுநோயில் இப்படிச் செய்தபோது, சம்பந்தமே இல்லாத பட்டியல்கள் பலவும் "முன்கணிக்கின்றன" என்று 2011இல் தெரியவந்தது. உங்கள் பட்டியல் அந்த 1,000இல் 950ஐயாவது முந்த வேண்டும்.

படி 6: ஸ்ட்ரோமாவைத் தனியே பாருங்கள்

2015இல் வெளியான ஒருமித்த வகைப்பாடு, 18 தொகுப்புகளின் 4,151 மாதிரிகளிலிருந்து நான்கு வகைகளைக் காட்டியது. சிஎம்எஸ்1 எதிர்ப்பாற்றல் செல்கள் நிறைந்தது, 14%. சிஎம்எஸ்2 வழக்கமான வகை, 37%. சிஎம்எஸ்3 வளர்சிதை மாற்ற வகை, 13%. சிஎம்எஸ்4 மீசன்கைம் (இணைப்புத் திசு போன்ற) தன்மை கொண்டது, 23%. மீதி கலவை. நோய் அதிகம் திரும்புவது சிஎம்எஸ்4இல். ஆனால் அந்த மீசன்கைம் மரபணுக்களைப் பெரும்பாலும் வெளியிடுபவை புற்றுச் செல்கள் அல்ல, அவற்றைச் சூழ்ந்த ஃபைப்ரோபிளாஸ்டுகள் (இணைப்புத் திசு செல்கள்) என்று அதே 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின.

இதனால் வரும் நடைமுறைச் சிக்கலைப் பாருங்கள். எஃப்ஏபி ஃபைப்ரோபிளாஸ்டில் மட்டும் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டியின் நடுப்பகுதியில் ஸ்ட்ரோமா 20%, ஊடுருவும் விளிம்பில் 60%. செல்கள் எதுவும் மாறவில்லை. வெட்டிய இடம் மட்டும் மாறியது. அளவு மூன்று மடங்கு, லாக்2 கணக்கில் 1.58 கூடிவிடும். பல மாடல்களில் ஒரு நோயாளியைக் குறைந்த ஆபத்திலிருந்து உயர்ந்த ஆபத்துக்குத் தள்ள இதுவே போதும். ஆகவே உங்கள் ஸ்கோருக்கும் ஸ்ட்ரோமா அளவுக்கும் உள்ள தொடர்பைக் கட்டாயம் கணக்கிடுங்கள். ஸ்கோர் முழுக்க ஸ்ட்ரோமாதான் என்றால், சாதாரண எச்-அண்ட்-இ சாயமிட்ட ஸ்லைடில் நோயியல் மருத்துவர் கண்ணால் மதிப்பிடும் ஸ்ட்ரோமா விகிதத்தை அது மிஞ்சுகிறதா என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

படி 7: மாடலைப் பொருத்தி, பூட்டிவையுங்கள்

இரண்டு காக்ஸ் மாடல்கள் பொருத்துங்கள். ஒன்றில் மருத்துவத் தகவல் மட்டும்: டி நிலை (கட்டி ஊடுருவிய ஆழம்), என் நிலை (நிணநீர் முடிச்சுகளில் பரவல்), எம்எம்ஆர், வயது. மற்றொன்றில் அவற்றோடு ஸ்கோர். லைக்லிஹுட் ரேஷியோ சோதனையில் ஸ்கோர் கூடுதல் தகவல் தருகிறதா என்று பாருங்கள். எம்எம்ஆர் விடுபடவே கூடாது. எம்எம்ஆர் குறைபாடுள்ள 2ஆம் ஸ்டேஜ் கட்டிகளுக்கு ஏற்கெனவே நல்ல எதிர்காலம் உண்டு. அதை மறந்தால் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாம் புதிய கண்டுபிடிப்பு போலத் தெரியும்.

ஆர் மொழியின் காக்ஸ்.இசட்பிஎச் சோதனையில் அபாய விகிதம் (ஒரு குழுவின் ஆபத்து மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது) காலத்தோடு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் காலத்தை 36 மாதத்தில் வெட்டிப் பொருத்துவது எளிய தீர்வு.

பூட்டுதல் என்றால் மூன்றையும் கோப்பில் எழுதிவைப்பது: கெழுக்கள் (ஒவ்வொரு மாறிக்கும் மாடல் தரும் எடை), 36 மாத அடிப்படை உயிர்வாழ்வு (ஸ்கோர் 0 உள்ளவருக்கு நோய் திரும்பாதிருக்கும் வாய்ப்பு), வெட்டுப்புள்ளி (உயர் ஆபத்தைப் பிரிக்கும் எல்லை). உதாரணத்துக்கு, அடிப்படை 0.85 என்றும் ஒருவரின் நேர்கோட்டு ஸ்கோர் (கெழுக்களால் பெருக்கிய மாறிகளின் கூட்டுத்தொகை) 0.4 என்றும் கொள்வோம். 0.4இன் அடுக்குக்குறி மதிப்பு 1.49, 0.85ஐ 1.49 அடுக்குக்கு உயர்த்தினால் 0.785, நோய் திரும்பும் வாய்ப்பு 21.5%. ஸ்கோர் -0.5 என்றால் அதே கணக்கில் 9.4%. நோயாளிக்கு வேண்டியது இந்தச் சதவீதம். "உயர் ஆபத்துக் குழு, அபாய விகிதம் 2.3" என்பதை வைத்து அவரால் எதையும் முடிவுசெய்ய முடியாது.

வெட்டுப்புள்ளியை, பி மதிப்பு எங்கே மிகச் சிறிதாகிறது என்று தேடி வைக்கக் கூடாது. அப்படித் தேடினால் 5% என்று நினைக்கும் தவறு வாய்ப்பு உண்மையில் 40% வரை போகும். எத்தனை சதவீத ஆபத்தைத் தாண்டினால் கீமோ பற்றிப் பேசுவோம் என்று மருத்துவர்களோடு முன்பே முடிவுசெய்து, அதை எல்லையாக வையுங்கள்.

படி 8: வெளித் தொகுப்பில் ஒரே முறை சோதியுங்கள்

பூட்டிய கோப்பைத் தொடாமல் ஓட்டுங்கள். சோதனைத் தொகுப்பில் கெழுக்களை மறுபடி பொருத்தினாலோ, அங்கேயே நடுமதிப்பை எடுத்து இரண்டு குழுவாகப் பிரித்தாலோ அது வெளிச் சோதனை ஆகாது. மூன்றைப் பாருங்கள்: சி-இண்டெக்ஸ், 36 மாத ஏயூசி (அதற்குள் நோய் திரும்பியவரையும் திரும்பாதவரையும் பிரித்தறியும் அளவு), கணித்த சதவீதமும் நடந்த சதவீதமும் ஒத்துப்போகிறதா என்ற அளவொப்பு. மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியில் சி-இண்டெக்ஸ் 0.75 வந்தது சோதனையில் 0.62 ஆவது இயல்பு.

எதிர்பார்ப்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆன்கோடைப் கோலனை குவாசர் நோயாளிகளிடம் சோதித்து 2011இல் வெளியான முடிவு. 3 ஆண்டில் நோய் திரும்பியது குறைந்த ஆபத்துக் குழுவில் 12%, நடுக் குழுவில் 18%, உயர்ந்த குழுவில் 22%. வேறுபாடு உண்மையானது. ஆனாலும் "உயர்ந்த ஆபத்து" என்று சொல்லப்பட்டவர்களில் 100க்கு 78 பேருக்கு நோய் திரும்பவில்லை. கீமோ முடிவுக்கு இத்தகைய பல மரபணுச் சோதனைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்ற நிலையையே அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன்னின் வழிகாட்டுதல்கள் எடுத்துள்ளன. அதோடு, ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவை வைத்து முடிவெடுத்த ஆஸ்திரேலியாவின் டைனமிக் ஆய்வு (2022, 2ஆம் ஸ்டேஜ், 455 பேர்) கீமோ பெற்றவர்களை 28%இலிருந்து 15% ஆகக் குறைத்தது. 2 ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் 92.4%, 93.5% என்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. உங்கள் ஸ்கோர் இனி இதோடும் ஒப்பிடப்படும்.

படி 9: ஆய்வக மேசைக்குக் கொண்டுபோங்கள்

மருத்துவமனையில் கிடைப்பது உறையவைத்த திசு அல்ல, ஃபார்மலினில் ஊறிய பாரஃபின் பிளாக். நோயியல் மருத்துவர் ஸ்லைடில் கட்டிப் பகுதியைக் குறிக்க, 10 மைக்ரான் கனத்தில் நான்கைந்து சீவல்கள் எடுத்து, குறித்த பகுதியை மட்டும் சுரண்டி, புரோட்டினேஸ் கே, பிறகு டிஎன்ஏஸ் போட்டு ஆர்என்ஏவைப் பிரிக்க வேண்டும். டிஎன்ஏஸைத் தவிர்த்தால் மரபணு டிஎன்ஏவும் பெருகி அளவைக் கெடுக்கும்.

பிளாக்கில் உள்ள ஆர்என்ஏ துண்டுதுண்டாக இருக்கும். ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ரின் எண் அங்கே எதையும் சொல்லாது. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் பங்கான டிவி200ஐப் பாருங்கள். 30%க்குக் கீழே என்றால் வேறு பிளாக் கேளுங்கள். பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கி அளக்கும் முறை) ப்ரைமர்களை 60 முதல் 100 கார இணைகள் நீளத்துக்குள் பெருகுமாறு அமையுங்கள். 200 இணை நீளத்தைப் பெருக்கும் ப்ரைமர், புது பிளாக்கில் வேலை செய்யும். பத்து ஆண்டுப் பழைய பிளாக்கில் தோற்கும். பழைய நோயாளிகள் எல்லோரிடமும் அந்த மரபணு "குறைந்தது" போலத் தெரியும். ஒவ்வொரு மரபணுவையும் மும்முறை அளந்து, மேற்கோள் ஐந்தின் சராசரியைக் கழியுங்கள். ஒரு சிக்யூ (பெருக்கச் சுழற்சி எண்) வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பிறகு, ஒரே கட்டியின் இரண்டு வெவ்வேறு பிளாக்குகளில் சோதனையை ஓட்டுங்கள். குறைந்தது 20 நோயாளிகளிடம். ஒருவருக்குள் வரும் வேறுபாடு, நோயாளிகளுக்கிடையே வரும் வேறுபாட்டை நெருங்கினால் மாடலுக்குத் திரும்பி ஸ்ட்ரோமா மரபணுக்களின் எடையைக் குறைக்க வேண்டும்.

இந்திய மருத்துவமனையில் பயன்படுத்த நினைத்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. மேலே சொன்ன தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகள். இங்கே மலக்குடல் கட்டிகளின் பங்கும், இளம் வயதினரின் பங்கும், சிக்னெட் ரிங் (மோதிர வடிவச் செல்) வகையும் அங்கிருப்பதைவிட அதிகம். மலக்குடல் நோயாளிகள் பலருக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கப்படுகிறது. அதன்பின் எடுத்த திசுவின் வெளிப்பாடு மருந்தின் தடத்தைச் சுமக்கும், ஸ்கோர் செல்லாது. அவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்ஸியில்தான் அளக்க வேண்டும், அதற்கான வெட்டுப்புள்ளியும் தனி. மற்றவர்களுக்குக் கெழுக்களை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் மருத்துவமனையில் 36 மாதம் கவனித்த நோயாளிகளை வைத்து அடிப்படை உயிர்வாழ்வு எண்ணை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். அதன் பிறகும் கணித்த சதவீதம் நடந்ததோடு பொருந்தவில்லை என்றால், கெழுக்களையே உள்ளூர்த் தரவில் புதிதாகப் பொருத்த வேண்டும். அப்போது படி 5இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.